மறதிக்கும் மருந்து வைத்தவர்

மோட்டார் காரில் ஒரு சாவி உண்டு. அதைத் திருப்பினால் என்ஜினுக்கு மின்சாரம் போகும். வண்டியை நிறுத்தியதும் அதைத் திருப்பி மூட வேண்டும். மூட மறந்தால்?

இக்காலத்துக் கார்களில் பல, மணியடித்து எச்சரிக்கும். பழைய கார் எச்சரிக்காது. சத்தம் போடாமல் நிற்கும். விடிந்து பார்த்தால் பாட்டரி செத்துக் கிடக்கும். காயில் வெந்து போயிருக்கும்.

அந்தச் சாவிக்குப் பின்னால் இருந்த மின்சார அமைப்பை உருவாக்கியவர், அமெரிக்க நாட்டைச் சேர்ந்த சார்லஸ் கெட்டரிங். உலகமெங்கும் ஓடிய கோடிக்கணக்கான கார்களில் அவருடைய அமைப்பு இருந்தது. மனிதன் மறக்கக் கூடியவன் என்பது அவருக்கும் அவருடைய ஆட்களுக்கும் தெரியும். அந்த மறதிக்கும் ஒரு மருந்தை அவர்கள் காருக்குள்ளேயே வைத்தார்கள்.

ஆனால் அவர் வாழ்க்கையில் மருந்து வைக்காமல் விட்ட பெரிய தவறு ஒன்றும் உண்டு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அவர் கதை முழுமையாகும்.

கண்வலியோடு படிப்பு

அமெரிக்காவில் ஒஹையோ என்று ஒரு மாநிலம். அங்கே லவுடன்வில் என்ற ஊருக்கு அருகில் ஒரு விவசாயக் குடும்பம். அந்தக் குடும்பத்தில் 1876-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 29-ந் தேதி கெட்டரிங் பிறந்தார்.

சிறு வயது முதலே அவருக்குக் கண்பார்வை சரியில்லை. புத்தகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தால் போதும், தலைவலி வந்துவிடும். ஆனாலும் படிப்பின் மேல் ஆசை விடவில்லை. பள்ளிப் படிப்பை முடித்துவிட்டுக் கிராமப் பள்ளியில் ஆசிரியர் வேலை பார்த்தார். அதில் கிடைத்த பணத்தைச் சேர்த்துக் கொண்டு கல்லூரிக்குப் போனார்.

கண் மறுபடியும் தொல்லை கொடுத்தது. படிப்பு பாதியில் நின்றது. அந்த இடைவெளியில் அவர் சும்மா இருக்கவில்லை. டெலிபோன் கம்பம் நட்டுக் கம்பி இழுக்கும் வேலைக்குப் போனார். குழி தோண்டினார். கம்பம் ஏறினார். மின்சாரம் எப்படி ஓடுகிறது என்பதை அவர் கையால் கற்றுக் கொண்டது அப்போதுதான். பிற்காலத்தில் அவருக்கு மனைவியான ஆலிவ் வில்லியம்ஸைச் சந்தித்ததும் அந்த நாட்களில்தான்.

பிறகு மீண்டும் கல்லூரிக்குப் போனார். உடன் படித்த நண்பர்கள் பாடத்தை வாய்விட்டுப் படிப்பார்கள். அவர் காதால் கேட்டுக் கொள்வார். இப்படியே படித்து 1904-ம் ஆண்டு மின்சார என்ஜினீயர் பட்டம் பெற்றார். அப்போது அவருக்கு வயது ஏறக்குறைய 28. மற்றவர்கள் இருபத்திரண்டு வயதில் பெறும் பட்டம் அது.

கல்லாப் பெட்டியில் மோட்டார்

டேய்ட்டன் நகரில் ஒரு பெரிய கம்பெனி இருந்தது. கடைகளில் விற்பனைப் பணத்தைக் கணக்கிட்டுப் பதியும் கல்லாப் பெட்டி இயந்திரத்தை அது செய்து வந்தது. கெட்டரிங்குக்கு அங்கே வேலை கிடைத்தது.

அந்தக் கல்லாப் பெட்டியைக் கையால் பிடியைச் சுற்றித்தான் இயக்க வேண்டும். மின்சாரத்தால் இயக்க முடியுமா என்று கம்பெனி கேட்டது. பெட்டியோ சிறியது. அதற்கு வேண்டிய பலமுள்ள மோட்டார் உள்ளே அடங்காது என்று பலர் நினைத்தார்கள்.

கெட்டரிங் வேறு விதமாக யோசித்தார். கல்லாப் பெட்டி நாள் முழுதும் சுற்றுவதில்லை. ஒரு விநாடி சுற்றினால் போதும், பிறகு ஓய்வு. நாள் முழுதும் மூட்டை சுமக்கத்தான் பயில்வான் வேண்டும். ஒரு மூட்டையை ஒரு கணம் தூக்கிவிடச் சாதாரண ஆளே போதும். அதுபோல, சிறிய மோட்டாரே ஒரு விநாடிக்கு அதிக பலம் கொடுக்கும். அது சூடாவதற்குள் வேலை முடிந்துவிடும்.

மின்சாரக் கல்லாப் பெட்டி தயாராயிற்று. இந்த ஒரு யோசனைதான் பின்னாளில் மோட்டார் உலகத்தையே மாற்றியது.

கொட்டகையில் இரவு வேலை

அதே கம்பெனியில் எட்வர்டு டீட்ஸ் என்ற பெரிய அதிகாரி இருந்தார். அவர் கெட்டரிங்கின் நண்பர். அவர் வீட்டின் பின்புறம் வைக்கோலும் குதிரை வண்டியும் வைக்கும் கொட்டகை ஒன்று இருந்தது. பகலில் கம்பெனி வேலை, இரவில் கொட்டகை வேலை என்று நண்பர்கள் சிலர் அங்கே கூடினார்கள். கெட்டரிங்தான் அவர்களுக்குத் தலைவர்.

அவர்கள் எடுத்துக் கொண்ட வேலை, காரின் தீப்பொறி. என்ஜினுக்குள் பெட்ரோல் ஆவி நிரம்பியதும் ஒரு பொறி விழ வேண்டும். அப்போதுதான் அது வெடித்து என்ஜினைச் சுற்றும். அந்நாளில் பல கார்களில் அந்தப் பொறியை உண்டாக்க ஒரு அதிரும் காயில் பெட்டி இருந்தது. அது வண்டு போல் ரீங்காரமிடும். ஒரு பொறி போதுமான இடத்தில் பல பொறிகளைக் கொட்டும். அதனால் பாட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும்.

கெட்டரிங் ஒரு வெடிப்புக்கு ஒரே பொறி வரும்படி செய்தார். அது பலமான பொறி. மின்சாரச் செலவு குறைந்தது.

காடிலாக் கார்க் கம்பெனியின் தலைவர் ஹென்றி லேலண்டு அதைப் பார்த்தார். 1909-ம் ஆண்டு ஆயிரக்கணக்கில் வேண்டும் என்று ஆர்டர் கொடுத்தார். அதே ஆண்டில் கெட்டரிங் வேலையை விட்டார். டீட்சுடன் சேர்ந்து டெல்கோ என்ற கம்பெனியைத் தொடங்கினார்.

ஹேண்டிலுக்கு விடை

அந்நாளில் காரைக் கிளப்புவது ஒரு போராட்டம். முன்னால் நின்று இரும்பு ஹேண்டிலைச் சுற்ற வேண்டும். பொறி சற்று முன்னதாக விழுந்துவிட்டால் என்ஜின் எதிர்ப்பக்கம் உதைக்கும். ஹேண்டில் கையை முறிக்கும், தாடையை உடைக்கும்.

பைரன் கார்ட்டர் என்பவர் மோட்டார் தொழிலில் பெயர் பெற்றவர். லேலண்டின் நண்பர். வழியில் நின்றுவிட்ட ஒரு பெண்மணியின் காரைக் கிளப்ப அவர் உதவிக்குப் போனார் என்றும், ஹேண்டில் திருப்பி அடித்து அந்தக் காயத்தாலேயே இறந்தார் என்றும் மோட்டார் உலகில் ஒரு கதை வழங்கி வருகிறது. லேலண்டு மனம் நொந்து, ஹேண்டில் இல்லாத கார் வேண்டும் என்று கெட்டரிங்கிடம் கேட்டாராம்.

கெட்டரிங்குக்குக் கல்லாப் பெட்டி ஞாபகம் வந்தது. காரைக் கிளப்புவதும் சில விநாடி வேலைதானே? சிறிய மோட்டாரே போதும்!

1911-ம் ஆண்டு தொடக்கத்தில் செல்ப் ஸ்டார்ட்டர் தயாராயிற்று. 1912-ம் ஆண்டு மாடல் காடிலாக் கார்கள் அதோடு வெளிவந்தன. ஒரே இயந்திரம் இரண்டு வேலை செய்தது. முதலில் பாட்டரியிலிருந்து மின்சாரம் வாங்கி என்ஜினைச் சுற்றியது. என்ஜின் ஓடத் தொடங்கியதும் அதுவே டைனமோவாக மாறிப் பாட்டரிக்கு மின்சாரம் கொடுத்தது.

ஹேண்டிலைச் சுற்றும் பலம் இல்லாதவர்களும் இனித் தனியாகக் கார் ஓட்டலாம். பெண்களும் முதியவர்களும் சாரதி இல்லாமல் வெளியே போகத் தொடங்கினார்கள்.

மறந்தால் என்ன ஆகும்?

இப்போது காரின் உயிரே பாட்டரியில் இருந்தது. பொறி, ஸ்டார்ட்டர், விளக்கு எல்லாவற்றுக்கும் அதுதான் தாய். அதனால்தான் சாவியை மூட மறப்பது பெரிய தவறாக ஆயிற்று.

மின்சாரம் போகும் வழி இதுதான். பாட்டரியிலிருந்து புறப்பட்டுச் சாவி வழியாகக் காயிலுக்குப் போகிறது. அங்கிருந்து பாயிண்ட் என்ற சிறிய கதவுக்குப் போகிறது. என்ஜின் ஓடும்போது பாயிண்ட் விநாடிக்குப் பல முறை மூடித் திறக்கும். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் பிளக்கில் ஒரு பொறி விழும்.

என்ஜின் நின்றதும் பாயிண்டும் நின்றுவிடும். திறந்த நிலையில் நின்றால் உங்கள் அதிர்ஷ்டம். சாவி திறந்திருந்தாலும் காயில் வழியே மின்சாரம் ஓடாது. மூடிய நிலையில் நின்றால் ஆபத்து. மின்சாரம் நிற்காமல் ஓடிக் கொண்டே இருக்கும்.

அது ஓட்டைக் குடத்தில் நீர் ஒழுகுவது போன்றது. பழைய 6 வோல்ட் காரில் சுமார் 4 ஆம்பியர் ஒழுகுவதாக வைத்துக் கொள்ளுங்கள். 12 மணி நேரத்தில் 48 ஆம்பியர்-மணி போய்விடும். 100 ஆம்பியர்-மணி பாட்டரியில் ஏறக்குறையப் பாதி காலி. குளிர்ந்த காலையில் மீதிப் பாதி என்ஜினைச் சுற்றப் போதாமல் போகலாம்.

பாட்டரி மட்டுமல்ல. காயில் கொதிக்கும். உள்ளே கம்பிகளைப் பிரித்து வைத்திருக்கும் பூச்சு கருகும். பாயிண்ட் தீய்ந்து போகும்.

பாட்டரி போனால் பழையபடி ஹேண்டிலைச் சுற்றலாமே என்று நினைக்கலாம். பாட்டரி முழுவதும் செத்திருந்தால் அதுவும் பயன்படாது. காயிலுக்கு மின்சாரம் இல்லை. பொறி எங்கிருந்து வரும்?

பழைய கார்களில் மறப்பதும் எளிது. சாவி வேறு, ஸ்டார்ட்டர் பொத்தான் வேறு. சாலையில் என்ஜின் தானாக நின்றுவிட்டால், வண்டிதான் நின்றுவிட்டதே என்று ஓட்டுபவர் இறங்கிப் போய்விடுவார். சாவி திறந்தபடியே இருக்கும்.

ரீங்காரமிட்ட பழைய காயில் பெட்டி, மறந்து விட்டால் சில சமயம் சத்தம் போட்டுக் காட்டிக் கொடுத்தது. புதிய காயில் ஊமை. கேடு நடப்பது யாருக்கும் தெரியாது.

சூடாகிக் காத்த கம்பி

டெல்கோ கம்பெனி இதற்கு ஒரு வழி கண்டது. பீங்கான் உருளை ஒன்றில் ஒரு தனிக் கம்பியைச் சுற்றிக் காயிலுக்குப் போகும் வழியில் வைத்தது. பார்த்தால் அற்பமான பொருள். அது செய்த வேலையோ பெரிது.

என்ஜின் ஓடும்போது மின்சாரம் விட்டு விட்டுத்தான் போகும். கம்பி குளிர்ந்தே இருக்கும். மின்சாரத்துக்கு வழி விடும். சாவியை மூட மறந்து, மின்சாரம் இடைவிடாமல் ஓடினால் கம்பி சூடாகும். சூடாகச் சூடாக வழி இறுகும். மிகக் குறைந்த மின்சாரமே போகும். காயிலும் பாயிண்டும் தப்பும். பாட்டரியும் சீக்கிரம் தீராது.

அந்தக் கம்பிக்குக் காவல்காரன் வேண்டாம், மணி வேண்டாம். மனிதன் செய்த தவறே அதைச் சூடாக்கியது. அந்தச் சூடே தவறைக் குறைத்தது.

சில டெல்கோ கார்களில் இன்னொரு வசதியும் இருந்தது. சாவியைத் திறந்ததும், என்ஜின் ஓடாத நேரத்தில், டைனமோ மெல்லச் சுழன்று டிக் டிக் என்று சத்தம் கொடுக்கும். காது கொடுத்துக் கேட்பவருக்கு அது ஒரு எச்சரிக்கை.

கெட்டரிங்கின் காயில், பாயிண்ட் அமைப்பு அமெரிக்காவோடு நிற்கவில்லை. நம் நாட்டில் ஓடிய பழைய அம்பாஸிடர், பியட் கார்களிலும் அந்த முறைதான் இருந்தது. பாயிண்ட் இல்லாத மின்னணு முறை 1970-களில் பரவும் வரை அதுவே அரசு செய்தது. சாவியைத் திருப்பினாலே என்ஜின் கிளம்பும் வசதியைக் கிரைஸ்லர் கம்பெனி 1949-ல் கொண்டு வந்தது.

பழைய கார் வைத்திருப்பவர்கள் இன்றும் கவனிக்க வேண்டியவை சில உண்டு. என்ஜின் தானாக நின்றாலும் சாவியை மூடுங்கள். பாட்டரிக்கு அருகில் ஒரு மெயின் சுவிட்சு வைத்து, இரவில் அதை அணைத்து விடுங்கள். மறந்து விட்டது தெரிந்தால் முதலில் சாவியை மூடுங்கள். காயிலைத் தொட அவசரப்படாதீர்கள், சுடும். அது ஆறிய பின் பாயிண்டைத் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பாட்டரியை மெதுவாகச் சார்ஜ் செய்யுங்கள். அப்போது தீப்பிடிக்கும் வாயு வெளிவரும். பீடி, சிகரெட், தீக்குச்சி அருகில் வரக் கூடாது.

தோல்வியும் வெற்றியும்

1916-ம் ஆண்டு டெல்கோ விற்கப்பட்டது. பிறகு அது ஜெனரல் மோட்டார்ஸ் என்ற பெருங் கம்பெனியின் கைக்கு வந்தது. 1920 முதல் 1947 வரை அந்தக் கம்பெனியின் ஆராய்ச்சிக்குக் கெட்டரிங் தலைவராக இருந்தார்.

எல்லாம் வெற்றியாக முடியவில்லை. தண்ணீர் இல்லாமல், செப்புத் தகடும் காற்றும் கொண்டு குளிரும் என்ஜினைச் செய்தார். அந்தக் கார் 1923-ல் வெளிவந்தது. சூடு தாங்காமல் தொல்லை கொடுத்தது. கம்பெனி அந்தக் கார்களைத் திரும்ப வாங்கிக் கொண்டது. மனம் உடைந்த கெட்டரிங் ராஜினாமா செய்ய முன்வந்தார். கம்பெனித் தலைவர் ஆல்பிரட் ஸ்லோன் அவரை விடவில்லை.

பின்னர் அவர் டீசல் என்ஜினைச் சிறிதாக்கிப் பலமாக்கும் வேலையில் இறங்கினார். 1930-களில் அமெரிக்க ரயில்களை டீசல் என்ஜின் இழுக்கத் தொடங்கியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. வாழ்நாளில் அவர் பெற்ற காப்புரிமைகள் 180-க்கு மேல்.

மூடாமல் விட்ட இன்னொரு சாவி

கார் என்ஜின்கள் பலம் ஏற ஏற உள்ளே டக் டக் என்று தட்டும் சத்தம் வந்தது. அது என்ஜினைக் கெடுத்தது. அதை நிறுத்தக் கெட்டரிங்கும் அவருக்குக் கீழ் வேலை செய்த தாமஸ் மிட்ஜ்லியும் பல பொருள்களைச் சோதித்தார்கள். 1921-ம் ஆண்டு டிசம்பரில் மருந்து கிடைத்தது. ஈயம் கலந்த ஒரு திரவம் அது. பெட்ரோலில் துளி கலந்தால் தட்டல் நின்றது.

1923-ல் டேய்ட்டன் நகரிலேயே முதன் முதலில் அது விற்பனைக்கு வந்தது. எதில் என்று பெயர் வைத்தார்கள். பெயரில் ஈயம் என்ற சொல்லே இல்லை. அதை விற்க ஏற்பட்ட கம்பெனிக்குக் கெட்டரிங்கே முதல் தலைவர்.

ஈயம் நஞ்சு என்பது பழங்காலத்திலிருந்தே தெரிந்த செய்தி. 1924-ம் ஆண்டு அக்டோபரில் நியூ ஜெர்சி மாநிலத்தில், அந்தத் திரவத்தைச் செய்த ஆலையில் தொழிலாளர்களுக்குச் சித்தம் கலங்கியது. ஐந்து பேர் இறந்தார்கள். 1925-ல் விற்பனை நிறுத்தப்பட்டது. விசாரணை நடந்தது. மறு ஆண்டே விற்பனை மீண்டும் தொடங்கியது.

அதன் பிறகு சுமார் ஐம்பது ஆண்டுகள் பெரிய தடை இல்லை. உலகமெங்கும் கார்ப் புகையோடு ஈயமும் வெளியே வந்தது. தெருவில் விளையாடிய குழந்தைகளின் இரத்தத்தில் அது சேர்ந்தது. குழந்தையின் மூளை வளர்ச்சியை ஈயம் கெடுக்கிறது. 1960-களில் கிளேர் பாட்டர்சன் என்ற அமெரிக்க விஞ்ஞானி, காற்றிலும் கடலிலும் ஈயம் எவ்வளவு கூடிவிட்டது என்று எடுத்துக் காட்டினார். 1970-களில் அமெரிக்கா அதைக் குறைக்கத் தொடங்கியது. இந்தியாவில் ஈயப் பெட்ரோல் 2000-ம் ஆண்டில் நின்றது. உலகில் கார்களுக்கு அதைக் கடைசியாக விற்ற நாடு அல்ஜீரியா. அங்கே 2021-ல்தான் நின்றது.

ஒரு இரவு மறந்த சாவிக்குப் பீங்கான் உருளையில் கம்பி சுற்றிக் காவல் வைத்தார்கள். ஏறக்குறைய நூறு ஆண்டுகள் நஞ்சு கக்கிய குழாய்க்கு அப்படி ஒரு காவல் வைக்கவில்லை. காயில் கருகினால் புதியது வாங்கலாம். குழந்தையின் மூளைக்கு மாற்று எங்கே வாங்குவது?

கடைசி நாட்கள்

கெட்டரிங் சேர்த்த செல்வம் ஏராளம். அதில் பெரும் பகுதியைக் கல்விக்கும் மருத்துவ ஆராய்ச்சிக்கும் கொடுத்தார். 1945-ம் ஆண்டு ஸ்லோனும் அவரும் சேர்ந்து நியூயார்க் நகரில் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் ஒன்றை ஏற்படுத்தினார்கள். அது இன்றும் இருவர் பெயராலேயே நடந்து வருகிறது. உலகெங்கிலுமிருந்து நோயாளிகள் அங்கே வருகிறார்கள்.

1946-ல் மனைவி ஆலிவ் காலமானார். அடுத்த ஆண்டு கெட்டரிங் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். ஆராய்ச்சியிலிருந்து ஓய்வு பெறவில்லை. செடிகள் சூரிய ஒளியை உணவாக மாற்றும் விதத்தை ஆராய்வதற்குத் தம் செல்வத்தால் உதவி வந்தார்.

1958-ம் ஆண்டு நவம்பர் 25-ந் தேதி அவர் உயிர் நீத்தார். வயது 82. டேய்ட்டனுக்கு அருகிலுள்ள ஒரு நகரம் கெட்டரிங் என்றே பெயர் வைத்துக் கொண்டிருக்கிறது.

அவர் கொடுத்த நன்மையும் பெரிது, கேடும் பெரிது. கேடு முழுதும் வெளியே தெரிய வந்தது அவர் கண் மூடிய பிறகுதான். அதற்குள் இரண்டு தலைமுறைக் குழந்தைகள் அந்தப் புகையைச் சுவாசித்து வளர்ந்துவிட்டார்கள்.